அமைதி யாருடைய சொத்து?
பல்லாவரம் புறநகர்க் குடியிருப்பின் ஒலி வரலாறு

1. கேள்வி

பல்லாவரம், குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர் எனத் தாம்பரம் வரை நீளும் தென்புறநகரில் வீடு தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் உறுதிமொழி ஒன்று உண்டு: "ஏரியா அமைதியா இருக்கும்." மனை விற்பவரும் சொல்கிறார், தரகரும் சொல்கிறார், பக்கத்து வீட்டாரும் சொல்கிறார்கள். தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும், ஸ்டேஷன் எவ்வளவு தூரம், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பவற்றுக்கெல்லாம் அளவோ ஆவணமோ உண்டு. அமைதிக்கு மட்டும் எந்த ஆவணமும் இல்லை. இருந்தும் வீட்டின் விலையில் அதுவும் சேர்ந்தே இருக்கிறது.

இந்த அமைதி எப்படி உருவானது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள், இன்று அதைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதை ஆராயப் பல்லாவரம் பொருத்தமான ஊர். ஒருபுறம் விமான நிலையம். ஊரை ஊடறுத்துச் செல்லும் ஜிஎஸ்டி சாலையும் ரயில் பாதையும். கிழக்கே துரைப்பாக்கத்துக்குப் போகும் இருநூறடிச் சாலை. இத்தனைக்கும் நடுவே, பிற்பகல் இரண்டு மணிக்கு அணில் கத்துவது கேட்கும் தெருக்கள் இன்னும் இருக்கின்றன.

இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து இது: பல்லாவரத்தின் அமைதி, நகரத்திலிருந்து இருந்த தூரத்தால் மட்டும் கிடைத்ததன்று. ஏரி, குன்று, காடு, ராணுவ நிலம், கல்வி வளாகம், மருத்துவமனை வளாகம் எனக் கட்டடம் எழாமல் காக்கப்பட்ட நிலங்கள் அதைத் தாங்கி நின்றன. அதே சமயம், இரைச்சலும் நாற்றமும் வேறு சில தெருக்களின் மேல் சுமத்தப்பட்டன. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அமைதியைக் காப்பது பற்றிப் பேச முடியாது.

2. வழக்கிலுள்ள இரு விளக்கங்கள்

புறநகர் அமைதிக்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, தூரம். நகரம் சத்தமானது, அதைவிட்டு விலகியிருந்ததால் புறநகர் அமைதியாக இருந்தது, நகரம் வளர்ந்து வந்து சேர்ந்ததும் அமைதி போய்விட்டது. இதற்குச் சான்றுகள் உண்டு. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பல்லாவரத்தில் ஏறத்தாழ 6,400 பேர் இருந்தனர். 2011இல் பல்லாவரம் நகராட்சியின் மக்கள்தொகை 2 லட்சத்து 15 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் மின்ரயில் ஓடத் தொடங்கியபின், பாரிமுனையில் வேலை பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பல்லாவரம் திரும்புவது நடைமுறையில் சாத்தியமாயிற்று.

ஆயினும் தூரம் முழு விளக்கமாகாது. பல்லாவரம் ஒருபோதும் ஓசையற்ற கிராமமாக இருந்ததில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே இங்கே படை முகாம் இருந்தது. புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது, இந்த முகாமின் அணிவகுப்புத் திடலை ஒட்டிய சரளைக் குழியில்தான். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அந்தக் குழியில் தொடங்கியது என்று அறிஞர்கள் கொண்டாடுகிறார்கள். அங்கே சரளைக் குழி இருந்தது என்பதே, கல்லும் மண்ணும் தோண்டும் வேலை அப்போதே நடந்துகொண்டிருந்ததைக் காட்டுகிறது.

இரண்டாவது விளக்கம், குடியிருப்பவர்களின் பழக்கம். அரசு அலுவலர்களும் ரயில்வே ஊழியர்களும் ஆசிரியர்களும் கிரவுண்டு கணக்கில் மனை வாங்கி, சங்கம் வைத்து, ஒழுங்காக வாழ்ந்ததால் தெரு அமைதியாக இருந்தது என்பது அது. குடியிருப்போர் சங்கங்களின் உழைப்பு உண்மையானது. ஆனால் ஒலி தெருமுனையில் நிற்பதில்லை. எவ்வளவு கட்டுப்பாடான தெருவாக இருந்தாலும் மேலே பறக்கும் விமானத்தையோ, பக்கத்துக் குன்றில் கல்லுடைக்க வைக்கும் வெடியையோ சங்கத்தின் தீர்மானம் கட்டுப்படுத்தாது. பழக்கம் அமைதியைப் பேணலாம்; உண்டாக்குவதற்கு நிலம் வேண்டும்.

3. அமைதியைத் தேடி வந்தவர்கள்

நிலம் என்ற காரணத்தை விளங்கிக்கொள்ள, அமைதியை நாடி இப்பகுதிக்கு வந்தவர்களின் வரிசையைப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லாவரம் கன்டோன்மென்ட், படையிலிருந்து ஓய்வுபெற்ற ஐரோப்பியர்கள் குடியிருக்கும் இடமாக மாறியிருந்தது. வேலை முடிந்தபின் வந்து வாழும் ஊர் என்ற பெயர் அப்போதே ஏற்பட்டுவிட்டது.

1911இல் மறைமலை அடிகள் வந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவர், அந்தப் பணியைவிட்டு விலகித் துறவு பூண்டு பல்லாவரத்தில் வீடு கட்டிக் குடியேறினார். 1950இல் மறையும்வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இங்கேயே இருந்தார். அவர் சேர்த்த நூலகமும் நடத்திய அச்சகமும் இங்கேயே இருந்தன. 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் பிறப்பிடமும் இந்த வீடுதான். மனிதர் நூறாண்டு வாழும் வழி குறித்து நூலெழுதிய ஒருவர், தம் வாழ்க்கைக்கு நகர மையத்தை விட்டுப் பல்லாவரத்தைத் தேர்ந்தெடுத்தது கவனிக்கத் தக்கது. படிக்கவும் எழுதவும் இடையூறற்ற நேரம் வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தை இந்த ஊர் அவருக்குத் தந்தது.

1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தில் மென்டிப் குன்றுப் பகுதியில் சானடோரியம் நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வருவதற்கு முந்தைய காலம் அது. காசநோய்க்குத் தூய காற்று, வெயில், சத்தான உணவு, முழு ஓய்வு ஆகியவையே சிகிச்சை. அமைதி அங்கே வசதிப் பொருளாக இருக்கவில்லை. மருந்துச் சீட்டில் எழுதப்படும் மருந்தாகவே இருந்தது. 1937இல் அரசு அந்த மருத்துவமனையை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, பாரிமுனை நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. சேலையூர்க் காட்டில் அரசு தந்த நிலம் 375 ஏக்கர். அங்கிருந்த புதர்க்காட்டை அழிக்காமல் கட்டடங்களை எழுப்பியதும், பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் ஆண்டுக்கணக்கில் மரம் வளர்த்ததும் இன்று அந்த வளாகத்தைப் புள்ளிமான் திரியும் காடாக வைத்திருக்கின்றன.

ஓய்வுபெற்ற படைவீரர், தமிழறிஞர், நோயாளி, மாணவர் ஆகிய நால்வரின் தேவைகளும் வெவ்வேறு. அவர்களுக்குப் பொதுவாக இருந்தது, விரிந்த நிலம். 1950களுக்குப் பின் சுற்றிலும் எழுந்த நகர்களும் காலனிகளும் இந்த நிலங்களின் காற்றையும் நிழலையும் ஓசையின்மையையும் விலை கொடுக்காமல் பெற்றன. கன்டோன்மென்ட்டின் மரங்களும் கல்லூரிக் காடும் சானடோரியத்தின் வெட்டவெளியும் ஒலியைத் தடுத்தன என்பதைவிட, ஒலி எழுப்பும் எதையும் அங்கே வரவிடாமல் இடத்தைப் பிடித்து நின்றன என்பதே சரி.

4. விலை கொடுத்தவர்கள்

இந்த வரலாற்றுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைக் குன்றுகளின் கருநீலக் கல் உலகப் புகழ் பெற்றது. கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இந்த வகையைச் சேர்ந்ததே. அதனால்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. அந்தப் பெருமைக்கு அடியில் தலைமுறை தலைமுறையாகக் கல் உடைத்தவர்களின் வாழ்க்கை இருக்கிறது. நகரத்தின் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் வேண்டிய ஜல்லி இக்குன்றுகளிலிருந்து போயிற்று. வேட்டுச் சத்தமும் கிரஷர் தூசியும் குவாரியை ஒட்டிய குடிசைகளுக்கு அன்றாடம். இரண்டு மைல் தள்ளி இருந்த காலனிக்கு அது தூரத்து இடி.

தோல் தொழிலும் அப்படியே. ஜி. ஏ. சேம்பர்ஸ் 1912இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியைச் சுற்றி எழுந்த குடியிருப்பே குரோம்பேட்டை. பம்மலை ஒட்டிய நாகல்கேணியில் பதனிடும் ஆலைகள் பெருகின. குரோமியம் கலந்த கழிவு நிலத்தடி நீரில் இறங்கியது. உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. தமிழகத் தோல் ஆலைகளை அது பாதித்தது. ஆனால் கிணறு கெட்டுப்போன தெருவுக்குக் கிணறு திரும்பவில்லை.

ஒரே ரயில் பாதை, ஒரே நகராட்சி எல்லை. அதற்குள் ஒரு பகுதி அமைதிக்குப் பெயர் பெற்றது, இன்னொரு பகுதி அந்த அமைதி தள்ளிவிட்ட தொழில்களைச் சுமந்தது. புறநகர் அமைதியைப் பற்றிய எழுத்துகளில் ராதா நகர், நியூ காலனி போன்ற குடியிருப்புகள் வருகின்றன, நாகல்கேணி வருவதில்லை. நாகல்கேணியைச் சேர்க்காமல் எழுதப்படும் வரலாறு பாதி வரலாறுதான்.

5. வானத்திலிருந்து வரும் ஒலி

1932 அக்டோபரில் டாடாவின் முதல் அஞ்சல் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னை வந்தது. மின்ரயிலும் வானஞ்சலும் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இடைவெளியில் வந்தவை. ரயில் குடியிருப்பை வளர்த்தது. விமான நிலையம் வளர்ந்து அந்தக் குடியிருப்பின் மேல் ஏறியது. மேற்கிலிருந்து தரையிறங்கும் விமானங்கள் அனகாபுத்தூர், பம்மல், பொழிச்சலூர்ப் பக்கம் தாழ்ந்து வருகின்றன. சென்னையின் பன்னாட்டு விமானங்கள் பலவும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே இயங்குபவை என்பதால், இந்தப் பகுதிகளின் சிக்கல் இரவுத் தூக்கத்தின் சிக்கல்.

பகலில் அது வேறு வடிவம் எடுக்கிறது. இப்பகுதியில் ஒரு வகுப்பறையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் தெரியும். ஆசிரியை ஒரு கணக்கை விளக்கிக்கொண்டிருக்கிறார். சத்தம் நெருங்கும்போது சாக்பீஸ் பலகையிலேயே நிற்கிறது. விமானம் கடந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார். பிள்ளைகள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இந்த நிறுத்தம் அவர்கள் பாடவேளையின் பகுதியாகவே ஆகிவிட்டது. இழந்த நிமிடங்களை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என வரம்பு விதிக்கின்றன. 2018 ஜூனில் மத்திய அரசு விமான நிலைய ஒலி மண்டலங்களுக்குத் தனி அளவு அறிவித்தது. ஆண்டுக்கு 50,000 முறைக்கு மேல் விமானங்கள் வந்துபோகும் நிலையங்களுக்குப் பகலில் 70, இரவில் 65. டெசிபல் என்பது மடங்கு அளவு: பத்து கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்கு, இருபது கூடினால் நூறு மடங்கு. ஆக, இரவில் ஒரு குடியிருப்புக்குச் சட்டம் ஏற்கும் ஒலியாற்றலைப்போல் நூறு மடங்கை, அதே வகைக் குடியிருப்பு விமான நிலைய மண்டலத்துக்குள் இருந்தால் சட்டம் ஏற்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், விமான ஒலி இரவில் 40 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அளக்கும் முறைகளில் வேறுபாடு இருப்பதால் எண்களை நேருக்கு நேர் வைக்கக் கூடாது என்று வாதிடலாம். அந்த வாதத்தை ஏற்றாலும் 40க்கும் 65க்கும் இடையிலுள்ள தொலைவு விளக்கம் கோருகிறது.

விமானம் வேண்டுமென்றால் இதைப் பொறுக்கத்தான் வேண்டும் என்பது அடுத்த வாதம். மத்தியதரைக் கடலோர நகரமான பார்சலோனாவின் அனுபவம் இதற்கு விடை தருகிறது. அந்நகருக்குத் தெற்கே, பைன் மரங்களுக்கும் கடற்கரைக்கும் நடுவே அமைந்த அமைதியான குடியிருப்பு கவா மார். 2004இல் விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதை திறந்ததும் அதன் அமைதி குலைந்தது. குடியிருப்போர் தொடர்ந்து போராடினர். 2006இல் ஓடுபாதைகளைப் பயன்படுத்தும் முறை மாற்றப்பட்டு, புறப்படும் விமானங்கள் கடல்பக்கம் திரும்பும்படி செய்யப்பட்டது. விமான நிலையம் மூடப்படவில்லை; இயக்கும் முறைதான் மாறியது. கவா மார் வசதியுள்ளவர்களின் குடியிருப்பு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்களுக்குக் கிடைத்த கவனம் பொழிச்சலூருக்கும் அதை ஒட்டிய கவுல் பஜாருக்கும் கிடைக்குமா என்பதில்தான் நம் ஜனநாயகத்தின் சோதனை இருக்கிறது.

6. 'காலி இடம்' என்ற கணக்கு

அமைதி குறைந்ததற்கு விமானம் மட்டும் காரணமில்லை. அமைதியைத் தாங்கிய நிலங்களைக் காலி இடமாக எண்ணியது அதைவிட ஆழமான காரணம். பல்லாவரம் பெரிய ஏரி இதற்கு உதாரணம். துரைப்பாக்கம் போகும் சாலை ஏரியின் குறுக்கே போடப்பட்டு அதை இரண்டாகப் பிளந்தது. நெடுங்காலம் ஊர்க் குப்பையெல்லாம் ஏரிக்கே போயிற்று. பிற்பாடு ஒரு பகுதி சீரமைக்கப்பட்டு நடைபாதை வந்தது வரவேற்கத் தக்கது. ஆனால் நீர்ப்பரப்பு போன அளவுக்கு வாகன ஓசை ஊருக்குள் வந்தது. பாசனம் நின்றபின் ஏரிக்கு வேலையில்லை என்று கருதியவர்கள், வெள்ளம் தாங்குவதையும் ஒலி தாங்குவதையும் வேலையாக எண்ணவில்லை.

தெருவுக்குள்ளும் இதே கணக்குத்தான் நடக்கிறது. ஒரு கிரவுண்டு மனையில் தென்னையும் வேம்புமாக இருந்த தனிவீடு இடிக்கப்பட்டு, பிரமோட்டரோடு ஒப்பந்தம் போட்டு, கீழே பார்க்கிங் விட்டு ஆறு வீடுகள் எழுகின்றன. ஆறு குடும்பங்களுக்கும் வீடு தேவை. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் போர் மோட்டார், ஏசி, தண்ணீர் லாரி, கழிவுநீர் லாரி எல்லாம் அதே பதினாறடித் தெருவுக்கு வருகின்றன. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் முறையாக இருந்திருந்தால் இரண்டு லாரிகளும் தேவைப்பட்டிருக்காது. ஒலிப் பிரச்சினை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, உள்கட்டமைப்பு இல்லாததன் ஓசை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். அமைதி என்றால் ஓசையே இல்லாமை என்று கொண்டால், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையையும் குறை சொல்ல நேரிடும். பழைய டிரங்க் ரோட்டில் கூடும் அந்தச் சந்தையில் செடி, பறவை, பழைய கருவிகள், இரண்டாம் கைத் தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் விற்கின்றன. கூவலும் பேரமும் நாள் முழுக்கக் கேட்கின்றன. வாரத்தில் ஒரு நாள் வந்து, மாலையில் அடங்கும் அந்த ஓசைக்கு முகம் உண்டு. யார் குரல், என்ன விலை என்று காது பிரித்தறிகிறது. கனடாவின் இசையமைப்பாளர் மர்ரே ஷேஃபர் 1977இல் எழுதிய நூலில் இந்த வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டார்: நல்ல ஒலிச்சூழலில் தனித்தனி ஓசைகள் தெளிவாகக் கேட்கும், கெட்ட சூழலில் எல்லாம் ஒன்றில் மூழ்கிவிடும். பல்லாவரத்துக்கு இந்த அளவுகோல் பொருந்துகிறது. கோயில் மணி, பாங்கு, கீரைக்காரம்மாவின் குரல், கடைசி மின்ரயிலின் ஓசை ஆகியவை தனித்தனியே கேட்கும் தெருவையே இங்குள்ளவர்கள் அமைதியான தெரு என்கிறார்கள்.

மீட்சிக்கும் இப்பகுதியில் சான்றுகள் உண்டு. நன்மங்கலம் காப்புக்காட்டில் கைவிடப்பட்ட கல்குவாரிப் பாறைகளில் இன்று கொம்பன் ஆந்தை கூடு வைக்கிறது. பறவை ஆர்வலர்கள் அதைப் பார்க்கவே வருகிறார்கள். வேட்டு வெடித்த இடம், நிலம் காக்கப்பட்டதால், இரவில் வேட்டையாடும் பறவைக்கு வீடாயிற்று. 2019 கோடையில் சிட்லபாக்கம் மக்கள் தாமே ஏரிக்குள் இறங்கிக் குப்பையை அகற்றினர். அதன்பின் அரசும் சீரமைப்புக்குப் பணம் ஒதுக்கியது. நிலத்தை மீட்டால் அமைதி கூடவே திரும்புகிறது என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

7. முடிவும் பரிந்துரைகளும்

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, பல்லாவரம் பகுதியின் அமைதி பொது நிலங்களாலும் நிறுவன வளாகங்களாலும் உருவானது. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டோ, தெருவுக்குக் கேட் போட்டோ அதைக் காக்க முடியாது. இரண்டு, அந்த அமைதி சமமாகப் பங்கிடப்படவில்லை. குவாரித் தொழிலாளியும் நாகல்கேணிக் குடும்பமும் பொழிச்சலூர் மாணவரும் அதன் விலையைக் கொடுத்தவர்கள்; இன்றும் கொடுப்பவர்கள். மூன்று, நகரம் வளர்ந்தால் அமைதி அழியத்தான் செய்யும் என்ற எண்ணத்துக்கு வரலாற்று ஆதாரம் இல்லை. முடிவுகளை மனிதர்கள் எடுத்தார்கள்; வேறு முடிவுகளையும் எடுக்கலாம்.

ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. இப்பகுதியின் அமைதியை ஒரே அமைப்பு பொறுப்பேற்றுக் காக்கும் வாய்ப்பு இதனால் ஏற்பட்டிருக்கிறது. வார்டுதோறும் இரவும் பகலும் ஒலியளவை அளந்து, மக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும். விமானப் பாதைக்குக் கீழுள்ள பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஒலித்தடுப்பு வசதியை விமான நிலையத்தின் வருவாயிலிருந்தே செய்து தரக் கேட்க வேண்டும். இரவு விமானங்களின் பாதையையும் எண்ணிக்கையையும் முடிவு செய்யும் கூட்டங்களில் பம்மலுக்கும் பொழிச்சலூருக்கும் இடம் வேண்டும். ஏரி, குன்று, காப்புக்காடு, வளாகக் காடு ஆகியவற்றை நகரத் திட்டத்தில் ஒலி தாங்கும் நிலங்களாகவும் பதிவு செய்ய வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 இறுதியில் திறந்தபின் ஜிஎஸ்டி சாலையின் சுமை மாறிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், இப்பதிவைத் தள்ளிப்போட முடியாது.

இறுதியாக ஒரு எச்சரிக்கை. காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் புதிய விமான நிலையம் வந்தால் பல்லாவரத்தின் பாரம் குறையும் என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். பரந்தூர்த் திட்டத்தை ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் எதிர்த்து வருகிறார்கள். அவர்கள் இழக்கவிருப்பது வயலும் ஏரியும் வீடும் சேர்ந்த முழு வாழ்க்கை. காலனிகள் தம் சுமையை நாகல்கேணியின் மேல் தள்ளிய தவறு, மாவட்ட அளவில் மீண்டும் நடக்கக் கூடாது. தனக்குக் கிடைத்த அமைதி இன்னொரு ஊரின் செலவில் வந்ததா என்று கேட்கும் கடமை பல்லாவரத்தில் நிம்மதியாகத் தூங்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு. அமைதி பொதுச் சொத்து என்றால், அதைக் கேட்டுப் பெறும் உரிமை ஏகனாபுரத்துக்கும் பொழிச்சலூருக்கும் ஒன்றுதான்.